வெற்று எடை

கோபாலபுரம் தாண்டினால் கேரளம்.
தாண்டுவதற்கு முன்னூறு அடி முன்னால்
கிட்டுசாமி எடைமேடை, அறுபது டன்.
அதன் கண்ணாடி அறைக்குள் நான்,
ஒரு மேசை விசிறி,
விண்டோஸ் ஏழு.

காலை ஆறரைக்குப் பொத்தானை அமுக்கினால்
அது 2010 ஜனவரி ஒன்றாம் தேதியில் கண் விழிக்கும்.
உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி,
செத்து வருஷக்கணக்காகிறது.
அந்தத் தேதியில் அதற்கு ஒரு குறையுமில்லை.
புதுசு. சந்தைக்கு வந்து மூணு மாசம்கூட ஆகலை.
நான்தான் மூலையைச் சொடுக்கி
நாள், மாதம், வருடம் என்று
ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டு வருவேன்.
இன்றைக்கு வந்து சேர்ந்ததும்
திரை முழுக்க ஒரு அறிவிப்பு:
உங்கள் கணினிக்கு இனி ஆதரவு இல்லை.
பிறகு நினைவூட்டு என்பேன்.
அதற்கு வயதாகிவிட்ட செய்தியைத்
தினமும் நானே சொல்லி
நானே மூடுகிறேன்.

கிட்டுசாமியண்ணன் கட்சி:
"ஓடற வண்டிய எதுக்கம்மிணி பட்டறைல உடறது?"
கொழிஞ்சாம்பாறை பிஜீஷ் கட்சி:
"சேச்சி, ஒரு வைரஸ் கேறினா எல்லாம் போச்சு."
புது மெஷினில் ஒன்பது ஊசி சொருகும் ஓட்டை கிடையாது.
மேடையிலிருந்து வரும் வயருக்கு வேறு மூக்கு வைக்கணும்.
எடை மென்பொருள் எழுதின பையன்
இப்போது திருப்பூரில் பனியன் ஏற்றுமதி,
போனை எடுப்பதில்லை.
மொத்தம் நாற்பத்தெட்டாயிரம்.
பழையதைக் கொடுத்தால் நாற்பத்தேழரை.

எனக்குக் கவலை வேறு.
இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு வண்டிகளின்
வெற்று எடை இதற்குள் கிடக்கிறது.
பாதி வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.
ஆனாலும் நம்பரைத் தட்டினால்
காலியாக இருந்தபோது எவ்வளவு கனம் என்று
யோசிக்காமல் சொல்லும்.

ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாள்
தேதி திருத்த மறந்துபோனேன்.
புதுநகரம் சுலைமான் ராவுத்தர் லாரி, தேங்காய் மட்டை.
எடை கிலோ பிசகவில்லை.
சீட்டைப் பார்த்த செக்போஸ்ட்காரர்
"முன்னூறு அடி வர பதினஞ்சு கொல்லமா?" என்று சிரித்து
வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டாராம்.
ராவுத்தர் நடந்தே திரும்பி வந்தார்.
திட்டவில்லை.
சீட்டை மேசையில் வைத்து நீவிவிட்டு
டீ குடிக்கப் போனார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிஜீஷை வரச் சொன்னேன்.
வயர்களைக் கழற்றி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு
மேடையின் குறுக்கே அவன் ஸ்கூட்டருக்கு நடந்தேன்.
வெளியே சிவப்பு எண்பலகை
யார் தயவும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.
நின்று பார்த்தேன்: 60.
பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு
மறுபடி வந்து நின்றேன்: 60.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் இந்த மேடை.
பதினைந்து வருஷமாய் எடை போட்டது
எடையில் வரவே இல்லை.

"மாத்தட்டா, பேட்டரி மட்டும் போடட்டா?
பேட்டரின்னா நாப்பது ரூபா."
நாற்பதா? இத்தனை வருஷம் ஏன்டா சொல்லலை?
"சேச்சி கேட்டில்லல்லோ."

ஆத்திரப்படத் தோன்றியது. வெயில் வேறு.
"முதல்ல அந்தப் பட்டியல வெளிய எடு.
முழுசா வந்துச்சுன்னு என்கிட்டக் காட்டு.
அப்புறம் மாத்து" என்றேன்.
"பேட்டரி?"
"அதையும் போடு. எதுக்கும் இருக்கட்டும்."

அவன் போன திசையில்
தக்காளி லாரி ஒன்று ஏறி வந்து ஹாரன் அடித்தது.
பழைய ரசீதுப் புத்தகத்தைத் தூசி தட்டினேன்.
தேதி எழுத நாள்காட்டியைப் பார்க்கவில்லை,
கை அதுபாட்டுக்கு எழுதியது.
மொத்த எடை பலகையில் இருக்கிறது.
"அக்கா, நம்ம வண்டி வெற்று எடை?"
"மூவாயிரத்து நானூத்தி..."
எண்பதா, தொண்ணூறா,
பேனா நின்றது.
பின்னால் இன்னொரு ஹாரன்.