வண்டி எடை போக

கோர் குவைர் மலையை
லாரி லாரியாக நிறுத்துக் கப்பலுக்கு அனுப்புகிறவன் நான்.
மேடையில் ஏறினால் மொத்த எடை.
வெற்று வண்டியைக் கழித்தால் கல்.
ஒரு நாளைக்கு இருநூறு கழித்தல்.
கையெழுத்து, முத்திரை, அடுத்தது.

இரவில் வேறு கல்.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே
உடைந்ததோ, சேராமலே போனதோ,
லட்சக்கணக்கில் சுற்றுகிற சரளை.
சீரிஸ், பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா
நான்கும் பழகிவிட்டன.
மீதியை இன்னும் தொடவில்லை,
கைப்பேசி சூடாகிறது.

அறையில் வைத்திலிங்கம், வாக்கியப் பஞ்சாங்கக்காரர்.
"ஒன்பது பேருக்கே பதில் சொல்லி முடியல,
கல்லுக்கெல்லாம் வீடு கொடுக்கிறியா?"
கண்ணுக்கே தெரியாத மாந்திக்கு
இடம் ஒதுக்கியிருக்கிறீர்களே என்றேன்.
சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:
"மாந்தி நம்ம ஆளு."

தளவாய் வந்தது ஒரு வியாழன் இரவு.
லோடர் ஓட்டுகிறவன்.
குளித்தும் போகாத வெள்ளைத் தூசி காதுமடலில்.
பேச்சித்தாய் இருபத்தாறு நாளாகப் போனை எடுக்கவில்லை.
எடுப்பது அவள் தங்கை.
"அக்கா கடைக்குப் போயிருக்கா."
இருபத்தாறு நாளாக ஒரே கடை.

அவன் பிறந்த நேரம் கேட்டேன்.
மில் சங்கு ஊதின பிறகு,
ரெண்டரை மணி பஸ்சுக்கு முன்னால்.
தனுசு லக்னம் என்று வைத்துக்கொண்டோம்.
கட்டம் நம் பஞ்சாங்கத்தில் போட்டது,
கல்லின் பாகை மட்டும் செயலியில் எடுத்தது.
மிதுனத்தில் பதினொன்று.
ஏழாமிடம்.
மனைவிக்குரிய கல் மனைவியின் வீட்டிலேயே.

"அவ அங்கதான் இருக்கா" என்றேன்.
"அங்கன்னா எங்க?" என்று மட்டும் கேட்டான்.

விடுப்பு கிடைத்தது.
கிளம்புகிற அன்று பெட்டியும் கையுமாக
விளையாட்டுக்கு எடைமேடையில் ஏறி நின்றான்.
எங்கள் தராசு இருபது இருபதாகத்தான் எண்ணும்.
நூறு என்றது.

மூன்றாம் நாள் சகர் துறைமுகத்திலிருந்து
ஒரு சீட்டு திரும்பி வந்தது.
வண்டி எடையைக் கழிக்காமல் அடித்திருக்கிறேன்.
மேனேஜர் கத்திக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது.
அந்தச் செயலி வெள்ளைக்கார வானத்தில் ஓடுகிறது.
அயனாம்சம் இருபத்து மூன்றரைச் சொச்சம்.
நான் கழிக்கவேயில்லை.

கழித்தேன்.
ஜூனோ ஒரு வீடு பின்னால் போய் விழுந்தது.
ரிஷபம். ஆறு.
நோய், கடன், பகை.
மூன்றில் எது என்று கல் சொல்லாது.
போன் போட்டேன்.
தளவாயும் எடுக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து வந்தான், கருப்பட்டியோடு.
கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள்.
வளையல் அடகில்.
அது போக வட்டிக்கு நாற்பதாயிரம்.
தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான் என்று
ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயை மூடிக் கிடந்திருக்கிறாள்.
"அண்ணாச்சி, நீங்க சொன்னது சரி.
அங்கதான் இருந்தா."

தப்பான கணக்குக்குச் சரியான விடை.
பள்ளிக்கூடத்தில் இதற்கு மார்க் கிடையாது.
திருத்திய கணக்கும் சரி.
இரண்டும் சரியென்றால்
நான் எதைத்தான் கணக்குப் பார்த்தேன்?

சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்.
அதற்குள் மேடையில் ஏறி நின்றிருந்தான்,
வெறுங்கையோடு,
திரையைப் பார்த்தபடி.

அறுபது.

"கொறஞ்சிட்டனா அண்ணாச்சி?"
பெட்டி இல்லையே தளவாய் என்றேன்.
பெட்டி மட்டும் எவ்வளவு என்று
அன்றைக்கு நிறுத்துப் பார்க்கவில்லை.

பின்னால் ஹாரன், நாற்பது டன்.
இறங்கச் சொல்லிக் கைகாட்டினேன்.