நூற்றிருபத்தைந்து

இருநூற்றைம்பதை விற்கப்போகிறேன் என்றதும்
தயாபரன் ஒரு தேத்தண்ணி கூடுதலாய்க் குடித்தான்.
"சின்னதெண்டால் நல்லதுதான்" என்றான்.
மூன்று வருசத்துப் பயம் முகத்திலிருந்து இறங்கியது.
நான் அவனைத் திருத்தவில்லை.

காப்புறுதிக் கம்பனியில்
விபத்துக் கோரிக்கைகளுக்கு முத்திரை குத்துபவள் நான்.
திங்கள் முதல் வெள்ளி வரை
ஊராரின் முறிந்த காறை எலும்புகள்.
ஞாயிறு மட்டும்
சொந்த முழங்கால்.

வெல்லம்பிட்டிக்கு அப்பால்
சதுப்பை நிரப்பிக் கைவிட்ட காணி.
யாரோ கட்ட நினைத்த தொடர்மாடி
கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது.
செம்மண் மேடு மூன்று,
மழை மறக்காத ஒரு வளைவு,
கொக்கு நிற்கும் ஒரு பள்ளம்.
காவலாளிக்கு ஒரு சோற்றுப் பார்சல்.
எங்கள் ஓடுபாதை அவ்வளவுதான்.

இருநூற்றைம்பதில் நான் அங்கே ராணி,
நேர்கோட்டில்.
வளைவில் தடுமாறி, பிரேக்கை நசுக்கி,
கிட்டத்தட்ட நின்றேபோய்,
பிறகு வலது மணிக்கட்டில் ஒரு முறுக்கு.
செய்த பிழையெல்லாம்
பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றில் மறைந்துவிடும்.
பணக்கார வீட்டுப் பிள்ளையின் கடன் மாதிரி,
யாரோ எப்போதும் கட்டிவிடுகிறார்கள்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு நஸ்மியா வந்தாள்.
தெமட்டகொடையிலிருந்து,
பின் மட்கார்டைக் கம்பியால் கட்டிய
கீச்சுக்குரல் நூற்றிருபத்தைந்தில்.
ஐந்து சுற்றுப் போட்டி.
நேரில் நான் அவளைத் தின்றேன்.
வளைவில் அவள் என்னை
முள்ளோடு விழுங்கினாள்.
நாலாம் சுற்றில் கொக்கு பறந்தது.
பள்ளத்தில் நான்,
என் மேல் வண்டி,
அதைத் தூக்க மூன்று பேர்.

"மாத்தி ஓடிப் பாப்பமா?" என்றாள்.

அவளுடையதில் ஏறினேன்.
இரண்டு காலும் நிலத்தில் பட்டன.
முதல் வளைவில் பழக்கத்துக்கு நசுக்கினேன்.
எஞ்சின் முனகியது. மணிக்கட்டை முறுக்கினேன்.
ஒன்றுமில்லை.
திரும்ப முறுக்கினேன்.
நுளம்பு ஒன்று போத்தலுக்குள் கத்துவது போல் கத்தி
மேட்டின் பாதியிலேயே நின்றுவிட்டது.
என் பொய்யை மூடிமறைக்க
அதனிடம் பலமில்லை.

அப்போதுதான் தெரிந்தது
வேகம் உண்டியல் காசு.
வளைவில் சிதறவிட்டால்
மேட்டில் பிச்சைதான்.

பஞ்சிகாவத்தையில்
ஆளுக்கொரு அளவு சொன்னார்கள்.
"மிஸ்ஸுக்கு எண்பத்தைந்து போதும்."
உட்கார்ந்து பார்த்தேன்,
முழங்கால் ஹேண்டிலை இடித்தது.
"நானூற்றைம்பது எடுங்க, ஆக்கள் திரும்பிப் பார்ப்பினம்."
பார்த்தார்கள்தான்.
கடைக்குப் பின்னால் இருந்த வெறுங்காணியில்
ஒரே ஒரு சுற்று.
அதை நான் ஓட்டவில்லை,
அது என்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போனது,
ரிக்கற் எடுக்காத பிரயாணியைப் போல.
இறங்கியபோது
விரல்கள் கிளட்சிலிருந்து பிரிய மறுத்தன.

சரியான அளவு எது என்று
எவரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது.
விழுந்தால்
தனியாகத் தூக்குவாயா?

தூக்கினேன்.
மூச்சு வாங்கியது, ஆனாலும் தூக்கினேன்.
காசை எண்ணிக் கொடுத்தேன்.

அலுவலகத்தில் அமலதாஸ்
பதவி இறக்கமா என்று சிரித்தார்.
சிரிக்கட்டும்.
முதல் மாதம் எல்லோருக்கும் பின்னால்தான் வந்தேன்.
பிரேக்கைத் தொடாமல் இருக்கப் பழகுவது
சிகரெட்டை விடுவது போல,
விரல் தானாய்ப் போகும்.
இரண்டாம் மாதம்
மூன்றாம் கியரிலேயே அந்த ஈர வளைவு.
கிளட்சை ஒரு சொடுக்கு,
பார்வை அடுத்த மேட்டில்.
கொக்கு பறக்கவில்லை.
ஃபோனில் பார்த்தேன்,
பழைய வண்டியைவிடப் பதினொரு செக்கன் குறைவு.

நேற்று மாலை
கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில்
தயாபரன் வண்டிக்குத் தண்ணி அடித்துக்கொண்டிருந்தான்.
இடது பிடியின் நுனியில்
அப்பியிருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டியபடி
"திரும்ப விழுந்தனியா?" என்றான்.
"இல்லை."
"அப்ப இது எப்பிடி நிலத்தில முட்டினது?"

சின்ன வண்டிதானே, என்றேன்.