பெண்டிங் நிலையம்

ஓட்டுநர் இல்லாத ரயிலில்
முன்கண்ணாடி எப்போதும் குழந்தைகளுக்கு.
காலை பத்தே கால். எல்லாரும் பள்ளியில்.
நாற்பத்திரண்டு வயதுக்காரி நான்
அதன் அருகே உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்றாவது சுற்று.

புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி
புக்கிட் பாஞ்சாங்கிலேயே இறங்கலாம்.
நடுவில் யாருக்கும் எதையும் விளக்கவேண்டியதில்லை.

பெத்திர் என்றால் இடி என்று
ரொஹானா சொல்லியிருக்கிறாள்.
பங்கிட் என்றால் எழு.
ஃபஜார் விடியல், செஞ்சா அந்தி.
இருபது நிமிடத்துக்குள் ஒரு நாள் முடிந்துவிடுகிறது,
யாரும் கோபித்துக்கொள்ளாமல்.

பத்தொன்பது வருடம்
கப்பல் காப்புறுதி, இழப்பீட்டுப் பிரிவு.
நனைந்த பருத்தி, புழுத்த கோதுமை, கடலில் விழுந்த கொள்கலன்,
எல்லாவற்றுக்கும் என் மேசையில் ஒரு விலை இருந்தது.
"குட் மார்னிங்" சொல்வதற்கு
லிஃப்ட்டில் இருபத்து மூன்று மாடி ஒத்திகை.
சிரிப்பை எத்தனை நொடி வைத்திருப்பது,
எப்போது இறக்குவது என்று உள்ளே ஒரு கணக்கு.
கூரை விளக்கு முனகுவது
எல்லாருக்கும் கேட்கிறது, பொறுத்துக்கொள்கிறார்கள்
என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
பேன்ட்ரியில் கோப்பையைக் கழுவும்போது
"ஓகே லா?" என்று மிஸ்டர் கோ கேட்டார்.
ஓகே என்ற சொல்லைத் தேடினேன்.
இல்லை.
வேறு எந்தச் சொல்லும் இல்லை.
குழாயை மூடினேன், அது நினைவிருக்கிறது.
என் குடை இன்னும் அங்கே
நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மதிப்பீட்டுக்குத் தொடக்கப்பள்ளி அறிக்கைப் புத்தகம்
கொண்டுவரச் சொன்னார்கள்.
அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்தாள்.
நான்காம் வகுப்பு, மிஸஸ் டிக்ரூஸின் சாய்ந்த எழுத்து:
கெட்டிக்காரி. ஜன்னலைப் பார்க்கிறாள். முயன்றால் முடியும்.
முயன்றேன் மிஸஸ் டிக்ரூஸ்.
முப்பத்திரண்டு வருடம்.

பதினான்கு பக்கம். ஆட்டிசம் என்ற சொல்
ஒன்பதாம் பக்கத்தில்தான் வந்தது.
"அப்ப, சட்டை லேபிள் குத்துதுன்னு அழுவியே,
அது நடிப்பில்லையா?" என்றாள் அம்மா.
இல்லம்மா.
அன்றைக்கு அறைந்த கையை
மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுக்குமாடிகளை நெருங்கும்போது
இந்த ரயிலின் ஜன்னல்கள் தாமாகவே வெளுக்கின்றன.
யார் வீட்டுச் சமையலறையும் தெரியாது.
தாண்டியதும் தெளிந்துவிடும்.
ஆள் நெருங்கினால் மூடிக்கொள்ள
எனக்குள்ளும் இப்படி ஏதோ பொருத்தியிருந்தது.
ரயிலுக்கு உடனே தெளிகிறது.
எனக்கு,
இரவில், கதவைச் சாத்திய அறையில்,
படுக்கையில்கூட வெள்ளை.

சம்பளமில்லா விடுப்பு இன்னும் ஐந்து வாரம்.
எல்லாச் சட்டையிலும் லேபிளை வெட்டிவிட்டேன்.
மாலையில் தினமும் அதே மீன் உருண்டை சூப், மிளகாய் வேண்டாம்.
கடைக்காரர் இப்போது கேட்பதேயில்லை,
கையை உயர்த்துகிறார், நானும் உயர்த்துகிறேன்.
இந்த ஆண்டில் நான் பேசியவற்றில்
மிகச் சுகமான பேச்சு அது.
சில நாள் அதுவும் ஆவதில்லை.
பல் துலக்கப் போய்
பாதியில் திரும்பிவந்து படுத்துக்கொள்கிறேன்.

கைப்பேசி அதிர்கிறது. கதிரேசன்.
எங்க இருக்கே?
வெளியே பலகையைப் பார்த்து அப்படியே தட்டுகிறேன்:
பெண்டிங்.
சிரித்துக் கண்ணீர்விடும் பொம்மைகள் மூன்று அனுப்புகிறான்.
நான் வேடிக்கை பேசவில்லை.
அப்புறம், கதவு மூடும் நேரத்தில்,
பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

மலாயில் அது இடுப்புக் கச்சையின் கொக்கியாம்.
மாட்டவும் அதுதான், கழற்றவும் அதுதான்.

ஈரச்சந்தைப் பையோடு ஒருவர் ஏறுகிறார்,
பையிலிருந்து மீன்வால் நீட்டிக்கொண்டிருக்கிறது.
காலை ஒடுக்கி வழிவிடுகிறேன்.
அடுத்தது பங்கிட்.
நான் இன்னும் ஒரு சுற்று
உட்கார்ந்திருக்கப்போகிறேன்.