இருபது அம்பியர்

மூன்று இரவு
இறங்குதுறைக் கம்பத்தடியில் குந்தியிருந்து
கரைக்கு நாடி பிடித்தேன்.
மீற்றரின் இரண்டு முள்ளும் பிளக் பொயின்ற்றுக்குள்.
ஏழு மணிக்கு இருநூற்றுப் பதினாறு.
ஒன்பதரைக்கு ஐஸ் பெக்டரி மூச்சை இழுத்ததும்
நூற்றி எண்பத்தேழு.
விடியப்புறம், கோணேசர் மணிக்கு முன்,
இருநூற்று முப்பத்தொன்று.
பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதி
கைப்பைக்குள் வைத்தேன்.
காவல்காரர் தவபாலன் டோர்ச் அடித்துக் கேட்டார்:
"தங்கச்சி, ஏதும் கொத்துதோ?"

முஸ்தாக்கின் கடை மத்திய வீதியில்.
மேசையில் மூன்று பெட்டியைத் திறந்து வைத்தார்.

முதலாவது லொறிக்காரர் வாங்குவது. மலிவு.
ஒரு முள், ஒரு சுவிட்ச்.
"நிறைஞ்சது அதுக்குத் தெரியாது,
நீங்கதான் பாத்து நிப்பாட்டணும்."
தெரியும்.
போன ஆடியில் இதன் அண்ணன்தான்
எங்கள் பற்றரித் தண்ணியைக் கொதிக்கவைத்துக் குடித்தான்.
கச்சான் வீச்சில் இஞ்சின் கிடங்கு அடுப்பு.
மூடி திறந்தால் அழுகின முட்டை மணம்,
இரண்டு பக்கமும் உப்பின வயிறு.
செபநேசன் அதைக் கடலில் தள்ளப் போனார்.
நான் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது நாற்பது அம்பியர், நீல உடம்பு.
பற்றரியின் சூட்டைத் தொட்டுப் பார்க்கத் தனி வயர்,
காய்ச்சல்காரன் நெற்றியில் வைக்கிற புறங்கை.
முதலில் அள்ளி ஊற்றும்,
பிறகு அளந்து ஊட்டும்,
நிறைந்த பிறகு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்.
நாலு மணித்தியாலத்தில் முழுசு என்றார் முஸ்தாக்.
செபநேசனின் கண் அதில் ஒட்டிவிட்டது.

மூன்றாவதும் அதே நீலம், பாதி உடம்பு.
இருபது. ராத்திரி முழுக்க எடுக்கும்.

"இதில என்ன யோசனை?"

கணக்கில் யோசனை இல்லை.
நூறு நூறாக இரண்டு பற்றரி, பத்தில் ஒன்று இருபது,
சின்னப் பிள்ளையும் சொல்லும்.
யோசனை கம்பத்தில்.
ஐந்து போட்டுக்கு இரண்டு பொயின்ற், ஒரு ட்ரிப் சுவிட்ச்.
குசும்சிரியின் பிரீசரில் இருநூறு கிலோ சூரை.
நிஜாமின் தொட்டியில் இறால் மூச்சுவிட ஒரு பம்ப்.
கரை இளைக்கிற நேரத்தில்
எல்லாரும் கூட இழுப்பார்கள்.
அங்கே நாற்பது வந்து குந்தினால்
பத்து மணிக்கு 'டக்'.
இருட்டு. ஒருவரும் எழும்பமாட்டார்கள்.
காலையில் சூரையின் கண் வெளுத்திருக்கும்.
குசும்சிரி ஒன்றும் சொல்லமாட்டார்.
அவர் சொல்லாததைத்தான்
வருசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

செபநேசன் சொன்னதும் பிழையில்லை:
"திமிங்கிலம் பாக்கிற ஆக்கள் அஞ்சரைக்கு வந்து நிப்பாங்கள்.
ராத்திரி கரண்ட் போனா?"
போனா மற்றப் பற்றரியில ஸ்டார்ட் எடுப்பம்.
இரண்டு வைத்திருப்பது பிறகு எதுக்கு?
அவர் பெரிய பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
விலைச் சிட்டையையும் பார்த்தார்.
வைத்துவிட்டார்.

மிஞ்சின காசில்
முஸ்தாக் காட்டாத ஒன்றையும் கேட்டு வாங்கினேன்:
கரையின் எர்த் வயருக்கும் எங்கள் சுழலிக்கும் நடுவே
காவல் நிற்கிற ஒரு சின்னக் கட்டை.
ஒரே கம்பியில் தொங்குகிற போட்டுகள்
ஒன்றின் உலோகத்தை ஒன்று தின்னும்,
தண்ணிக்கடியில், சத்தமில்லாமல்.
எங்கள் துத்தநாகக் கட்டி மூன்று மாதத்தில்
பனங்கட்டி மாதிரிக் கரைந்து போயிருந்தது.
களவெடுத்தவர் எவருமில்லை.
யாரோடு சண்டை பிடிக்க?

இன்றைக்கு நாலாம் இரவு.
பதினொன்றரை. மீற்றர் நூற்றித் தொண்ணூறு.
சீனன்குடாப் பக்கம் ஒரு மாக்கப்பலின் வெளிச்சம்.
சார்ஜரின் காற்றாடி தும்பி அளவுக்கு முனகுகிறது.
ஆரஞ்சு விளக்கு இன்னும் ஆரஞ்சுதான்.
குசும்சிரியின் பிரீசர் ஒருதரம் இருமிவிட்டு
ஓடுகிறது.
அணியத்தில் படுத்தபடி செபநேசன்:
"பச்சை வந்திட்டுதா?"
இல்லை.
கொஞ்சம் பொறுத்து,
"இப்ப?"
நித்திரை கொள்ளுங்கோ.