பதினைந்து கட்டம்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
இரவு இரண்டேகால்.
ஆடிக்காற்று சைக்கிள் ஷெட்டின் தகரத்தை
விடாமல் உலுக்குகிறது.
சீட்டில் இருந்தது: ஐகோர்ட் ராஜா, முப்பத்து நான்கு,
பணகுடிப் பக்கம், காற்றாலை வேலை.

நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு.
ஜெல்லின் குளிருக்கும் அவன் சிலிர்க்கவில்லை.
நிமிடத்துக்கு ஐந்து மூச்சு.
கண்ணின் பாவை கடுகாய்ச் சுருங்கிக் கிடந்தது.

தாள் வந்தது.
நான் டாக்டர் இல்லை,
பதினோரு வருஷமாய்க் கட்டம் எண்ணுகிறவள்.
ஒரு துடிப்பு எழுந்து, அடங்கி,
அடுத்ததற்குத் தயாராக
பத்துக் கட்டம் ஆகும். பதினொன்றும் ஆகலாம்.
இவனுக்குப் பதினைந்து.
பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி எண்ணினேன்.
பதினைந்தேதான்.

'எம்பது மீட்டர் ஏணில ஏறி எறங்குத முதுகுக்கா.
ராத்திரிக்கு ஒண்ணு போட்டாவ.
பொறவு ரெண்டு.
பொறவு நான் எண்ணல.'
அவள் கவிழ்த்த மஞ்சப்பையிலிருந்து
சறுக்கி விழுந்தன வெற்று மாத்திரை அட்டைகள்.
'ஸ்பானர் பெட்டிக்குள்ள கெடந்திச்சி.'

முறிக்கிற மருந்து நரம்பில் ஏறியது.
ஐந்து, ஒன்பது, பதினான்கு என்று
மூச்சு திரும்பியது.
நாங்களும் மூச்சு விட்டோம்.
இதயத்துக்கு மட்டும்
அந்த ஊசி சொன்னது கேட்கவில்லை.

திரையில் கோடு முறுக்கிக்கொண்டது.
பெருத்து, சிறுத்து, தலைகீழாகி, மறுபடி பெருத்து,
ஈரப் போர்வையை இரண்டு பேர்
ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிகிற மாதிரி.
'மக்னீசியம்!' என்று யாரோ கத்தினார்கள்.
ஷாக் மெஷினை இழுத்து வரும் சக்கரச் சத்தம்.
பதினெட்டு விநாடி.
பிறகு அதுவாகவே அவிழ்ந்தது,
யாரும் தொடும் முன்பே.
மருந்து அதற்குப் பின்தான் ஏறியது,
இனி முறுக்காதிருக்க.

வெளுக்கிற நேரம் கண் திறந்தான்.
உயிருக்கு முன்னால் வலிதான் வந்து சேர்ந்திருந்தது.
'முதுகு' என்றான்.
'அது கெடக்கட்டும்' என்றாள் அவள்,
அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரலில்.

பிறகு என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.
'இதுல அவிய எங்கன இருக்காவ?'
கூரான ஒரு மேட்டைக் காட்டினேன்.
அவள் விரல் அங்கே நிற்கவில்லை.
சறுக்கிப் போய், மேடு முடிந்த பிறகும்
முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த
அந்த நீளத்தில் நின்றது.

'வெயில் பட்டா வெளுத்துரும்.
ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோ' என்றேன்,
வேறு சொல்லத் தெரியாமல்.

எட்டு மணிக்கு மறுபடி ஒன்று எடுத்தேன்.
பதிமூன்றரை.
அந்த அரையையும் எழுதினேன்.