பதினாறாம் கட்டம்

அண்ணன் தலை ஆறு வட்டில் இருக்கிறது.
ஆறும் ஒரு மஞ்சள் தாப்பாவ் பைக்குள்.
மார்க்கர் மையில் தேதி.
பேரில் ஓர் எழுத்து எப்போதும் குறைவு:
ஏழு வருஷமாய் ஆஸ்பத்திரி
பூபாலனைப் போபாலன் என்றே படம் பிடிக்கிறது.

வியாழக்கிழமை புது டாக்டர்.
அவர் மேசைக் கணினிக்கு வட்டு போட வாயில்லை.
பென் டிரைவில் வேண்டுமாம்.

லோ யாட்டில் நாற்பது ரிங்கிட்டுக்கு
ஒரு வாய் வாங்கி வந்தேன்.
செந்தூல் பிளாட், எட்டாவது மாடி,
லினக்ஸ் ஓடும் என் பழைய மடிக்கணினி.
வட்டை விழுங்கியதும்
கேட்காமலே ஜன்னலைத் திறந்து காட்டியது:
சாம்பல் நிறத்தில், சீவல் சீவலாய்,
தங்கச்சி பார்க்க வேண்டாத உள்வீடு.

மூடினேன்.
மவுண்டைக் கழற்றினேன்.

கோப்பு கோப்பாய் இழுத்துப் போடலாம்தான்.
ஆனால் எந்தச் சீவலுக்குப் பிறகு எது என்ற கணக்கு
வழியில் எங்காவது இறங்கிவிடும்.
முழு வட்டையும் ஒரே கோப்பாக,
வெற்றிடத்தையும் வெற்றிடமாகவே எடுக்க
டிடி என்று இரண்டெழுத்துக் கட்டளை.
உள்ளே எது, வெளியே எது
என்று மட்டும் கேட்கும்.
எலும்பா எழுத்தா என்று கேட்காது.
ஒரு கட்டத்துக்கு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட்,
அவ்வளவுதான் அதற்கு மனுஷன்.

"என் மூளையைக் காப்பி அடிக்கிறியா?"
அண்ணன் அடுக்களையிலிருந்து.
"பாஸாக மாட்ட லா."

ஐந்து வட்டு வந்தது.
ஆறாவது, போன மாசத்தது,
கடைசியில் நின்று உறுமியது.
உறுமி, ஓய்ந்து, திரும்ப உறுமி,
உள்ளீட்டுப் பிழை என்று ஒரு வரி.

துணியால் துடைத்தேன். நடுவிலிருந்து விளிம்புக்கு.
மறுபடி.
அதே இடம். அதே வரி.
கீழே கொம்யூட்டர் ரயில் ஒன்று வந்து போனது.
கடைசிச் சீவல்களில்தானே இருக்கும்
அந்த டாக்டர் தேடுவது என்று
எனக்கு யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை. கை மட்டும் சில்லிட்டது.

பிறகு ஞாபகம் வந்தது.
எந்த வட்டுக்கும்
முதல் பதினாறு கட்டம் சும்மா.
பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால்
பதினாறாம் கட்டத்தில் எழுதியிருக்கும்
அதன் பெயரும், மொத்த நீளமும்.
தலையெழுத்து என்று நாம் சொல்வதை
இவர்கள் நிஜமாகவே தலையில் எழுதுகிறார்கள்,
யாரும் படிக்கலாம்.

படித்தேன்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து
முந்நூற்று எண்பத்தேழு.
என் கோப்பை அளந்தேன்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து
முந்நூற்று எண்பத்தேழு.

ஒன்றும் போகவில்லை.
எழுதி முடித்த ஒளி விலகும்போது
பின்னால் விட்ட இரண்டு வெறுங்கட்டம்.
அதைப் படிக்கப் போய்த்தான்
இவ்வளவு உறுமலும்.
இல்லாததைப் படிக்காதே என்று
எண்ணிக்கையைக் கட்டளையில் சேர்த்து
மூன்றாம் முறை ஓட்டினேன்.
சத்தமில்லாமல் நின்றது.
வட்டுக்கும் கோப்புக்கும் கூட்டுத்தொகை எடுத்தேன்,
முப்பத்திரண்டு எழுத்தும் ஒன்றுபோல்.

"என்ன, என் தலையெழுத்தைப் படிச்சிட்டியா?"
இரண்டு கோப்பி ஓவோடு வந்து நின்றான்,
இடது கை மட்டும் லேசாய்த் தளும்ப.
"உன்னுது இல்ல. வட்டோடது."
"அதுக்கு எவ்வளவு?"
சொன்னேன்.
விசிலடித்தான்.
தன்னுடையதை அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
எந்தக் கட்டத்தில் போய்ப் பார்ப்பேன்.

வட்டுகளைத் தரச் சொன்னான்,
பால்கனிப் புறாக்களை விரட்டவாம்.
ஐந்தை மறுத்துவிட்டேன்.
பழையதில் ஒன்றை மட்டும் கொடுத்தேன்,
அதன் கூட்டுத்தொகையை
இன்னொரு தடவை சரிபார்த்த பிறகு.

துணிக்கம்பியில் தொங்குகிறது போபாலன்.
வெயில் பட்டுக் கூரையில் ஒரு வட்டம் ஓடுகிறது.
புறா ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து,
தலையைச் சாய்த்து,
தன்னைத்தான் பார்க்கிறது,
போவதாயில்லை.