மற்றவை

எட்டு நாள் வேலை. நாளுக்கு அறுநூறு.
சயான் சர்க்கிள் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு அட்டை, இரண்டு பேனா.
காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை
போவதையெல்லாம் எண்ண வேண்டும்.

கார். டாக்சி. பஸ். லாரி. டெம்போ. இருசக்கரம்.
"இருசக்கரம்னா எஞ்சின் இருக்கணும்,"
என்றார் கதம் சார்.
"சைக்கிள் கடைசிக் கட்டம்."
கடைசிக் கட்டத்தில் 'மற்றவை' என்று அச்சடித்திருந்தது.

முதல் நாள் அதில் விழுந்தவை:
தாராவியிலிருந்து இட்லி கேன் கட்டி வந்த சைக்கிள்கள்,
நீலத் தார்ப்பாய்க்குள் பாவ் அடுக்கியவை,
பால், பேப்பர், கேஸ் சிலிண்டர்,
கழுத்தில் விசில் தொங்க வீடு திரும்பும் வாட்ச்மேன்கள்,
ஒரு கைவண்டி,
கல்யாணம் முடிந்து தூங்கிக்கொண்டே நடந்த
ஒரு வெள்ளைக் குதிரை.
ஆறு மணிக்குள் இருநூற்றுப் பதினான்கு.
கார் அப்போது முப்பத்தொன்பது.
நகரம் பல் தேய்க்கும்போதே
அதன் காலைச் சாப்பாடு
என் கடைசிக் கட்டத்தில் போய்க்கொண்டிருந்தது.

எண்ணுகிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும்,
பார்க்கத் தொடங்கிவிடுவாள்.
பதினான்காம் கம்பத்தடிக்கு வந்ததும்
எல்லாச் சைக்கிளும் வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
பின்னால் பஸ் வருகிறதா என்று
திரும்பிப் பார்க்க நேரமில்லாத வெட்டு.
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
சாக்கடை மூடி. இரும்புக் கம்பிகள்
சாலை போகிற திசையிலேயே படுத்திருந்தன.
கம்பிக்கும் கம்பிக்கும் இடையில்
அளவெடுத்ததுபோல
ஒரு சைக்கிள் டயர் அகலம்.

அட்டையின் ஓரத்தில் நானே ஒரு கட்டம் கீறினேன்.
வளைந்தவை: நூற்று எண்பத்தாறு.
கதம் சார் ரப்பரால் அழிக்கப் பார்த்தார்.
நான் பேனாவில் எழுதியிருந்தேன்.
"அது வேற டிபார்ட்மெண்ட்மா," என்றார்.

நான்காம் நாள் மழை. மூடி தண்ணீருக்கடியில்.
சுடலைமணி வளைய மறந்தான்.
இல்லை, மறக்கவில்லை, வலப்பக்கம் பஸ் இருந்தது.
முன்சக்கரம் உள்ளே, ஆள் வெளியே.
இட்லிகள் மட்டும் அவசரமில்லாமல் உருண்டன.
பஸ்ஸின் பின்சக்கரம்
அவன் காதுக்கு ஒரு இட்லி தூரத்தில் போனது.
எழுந்ததும் ஹாரனைத் தேடினான்.
அந்த ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தான். பாம்.
பிறகுதான் முழங்கையைப் பார்த்தான்.

விழுந்த சைக்கிள் போனதில் சேர்த்தியா?
பஸ் ஒன்று என்று போட்டேன்.
அது போனது.

ஆறாம் நாள் நாலரை மணிக்கு
சுடலைமணி கடப்பாரையோடு வந்தான்.
பாவ்கார நவ்ஷாத் வந்தார்.
ஒரு வாட்ச்மேன் டார்ச் பிடித்தார்.
மூடியைப் பெயர்த்துச் சாய்த்தோம். கீழே
கறுப்புத் தண்ணீரில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
வெல்டரைக் கூப்பிடலாமா என்றேன்.
நவ்ஷாத் சாண் போட்டு அளந்தார்.
இந்தப் பக்கம் மூன்று. அந்தப் பக்கமும் மூன்று.
சதுரம்.
இத்தனை வருஷமும் சதுரமாகவே இருந்திருக்கிறது.

கால் சுற்று திருப்பி வைத்தோம்.
தானாகப் பொருந்தியது என்று எழுத ஆசைதான்.
ஒரு மூலையை நவ்ஷாத்
இரண்டுமுறை மிதிக்க வேண்டியிருந்தது.

ஐந்தேகாலுக்கு முதல் கேன் வந்தது.
பழக்கத்தில் வளைந்தான்.
அடுத்தவனும் வளைந்தான்.
ஏழாவது ஒரு பையன், ரூட்டுக்குப் புதுசு போல,
ஒன்றும் தெரியாமல் நேரே வந்தான்.
கடகடகடவென்று கம்பிகளின் குறுக்கே ஏறி
நேரே போய்விட்டான்.

எட்டாம் நாள் அட்டைகளைக் கொடுத்தேன்.
கதம் சார் கூட்டிப் பார்த்தார்.
"மற்றவை அதே நம்பர்தான். ஒண்ணும் மாறலையே."
ஓரத்தில் வளைந்தவை பதினொன்று என்றிருந்தது.
அவர் ஓரங்களைக் கூட்டுவதில்லை.

அடுத்த மூடி பதினேழாம் கம்பத்தடியில்.
கடப்பாரை இன்னும் பேக்கரியில்தான் இருக்கிறது.